ராத்திரி காய்ச்சல் வரும், இப்பவே சொல்லிட்டேன்

போன புதன்கிழமை, ஜூலை 23, ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. நான் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. ஆனால் ஊரில் பாதிப் பேர் போனில் என் நம்பர் இன்னும் 'நர்சம்மா' என்றுதான் கிடக்கிறது. எடுத்ததும் குழந்தை வீறிடும் சத்தம், அப்புறம்தான் பெண்ணின் குரல்.

"நர்சம்மா, இன்னிக்கு ஒன்றரை மாச ஊசி போட்டாங்க. புள்ள உடம்பு கொதிக்குது. இடது தொட கல்லு மாதிரி இருக்கு."

இவளுக்கே ஒன்றரை மாத ஊசி போட்டவள் நான்தான். அன்றைக்கு இவள் தொடையும் கல் மாதிரிதான் இருந்திருக்கும்.

பால் குடிக்கிறானா என்று கேட்டேன். குடிக்கிறான். அழுகை மூன்று மணி நேரமாக விடாமலா, நடுவில் ஓய்கிறதா? நடுவில் கொஞ்சம் தூங்கினான். வலிப்பு, வெட்டு எதுவும்? இல்லை. காய்ச்சல் மருந்து கொடுத்தார்களே, கொடுத்தாயா? "குடுக்கலாமான்னு மாமியார் யோசிக்கறாங்க." கொடு, அங்கே சொன்ன அளவு மட்டும் கொடு, தொடையைத் தேய்க்காதே, எண்ணெய் கிண்ணெய் எதுவும் வேண்டாம், அந்தக் கனமான துணியை எடுத்துவிடு, பால் குடிக்காமல் துவண்டு போனால் விடியக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடு என்றேன். கடைசியாக, "காய்ச்சல் வரும்னு அங்க யாரும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்க. ஒரே கூட்டமா இருந்துச்சு, காதுல விழல."

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை.

1989இல் போளூர் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தேன். அப்போது கண்ணாடி சிரிஞ்சுதான். விடியற்காலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்கவைத்து, அதை ஒரு டப்பாவிலும் மருந்தை ஐஸ் பெட்டியிலும் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு தடவை போட்டதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு எல்லாம் 2005க்கு அப்புறம் வந்தது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசி, போலியோ சொட்டு, ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி. பட்டியல் சின்னது. பயம்தான் பெரியது. என் பயத்தைச் சொல்கிறேன், தாய்மார்கள் பயத்தை இல்லை. காய்ச்சல் வரும் என்று சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, எல்லாரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்வேன்: "ஒண்ணும் ஆகாதும்மா."

1991இல் ஒரு பையன். முதல் ஊசி போட்ட ராத்திரி நல்ல காய்ச்சல், தொடையில் வீக்கம். வீட்டில் அந்தப் பெண்ணுக்குத் திட்டு. இரண்டரை மாதத்துக்கு வரவில்லை, மூன்றரை மாதத்துக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போனால் கதவு சாத்தியிருக்கும். ஆறாம் மாதம் அவர்களே ஆள் அனுப்பினார்கள்.

கக்குவான் இருமலைப் பார்த்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். அது சளி இருமல் மாதிரி விட்டுவிட்டு வராது. மூச்சு இழுக்க இடமே கொடுக்காமல் அடுக்கடுக்காக, பத்து பன்னிரண்டு இருமல் ஒரே மூச்சில் வரும். முகம் சிவந்து, உதடு கறுத்து, நாக்கு வெளியே தள்ளும். அப்புறம் தொண்டையில் 'ஊ...ப்' என்று ஒரு இழுப்பு. அதோடு குடித்த பால் மொத்தமும் நூல் நூலான சளியோடு வெளியே வரும். அந்தத் தாய் சுண்டுவிரலில் துணியைச் சுற்றி அதை வழித்து எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் சின்னக் குழந்தைகள் என்றால் அந்த 'ஊப்' சத்தம்கூட வராமல் மூச்சு நின்றுவிடுவதும் உண்டு. பையனை வேலூருக்கு அனுப்பினோம். பிழைத்தான். இருமல் முழுதாக விட மூன்று மாதம் ஆனது.

அவள் என்னைத் திட்டவில்லை. வாசலில் உட்கார்ந்தபடி, "நீங்கதான ஒண்ணும் ஆகாதுன்னீங்க. ஆச்சு. அதான் வரல" என்றாள்.

அதிலிருந்து அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். ஊசி எடுக்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவேன். இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வரும், தொடை வீங்கும், நாளைக்கும் நசநசவென்று இருப்பான், நாளான்னிக்கு சரியாப் போயிடும், இப்பவே சொல்லிட்டேன். அரை மணி நேரம் இங்கேயே உட்காரு. சில பேர் முகம் மாறும், மாமியார் முணுமுணுப்பார். ஆனால் ராத்திரி காய்ச்சல் வந்ததும், "நர்சம்மா சொன்ன மாதிரியே வந்திருச்சு" என்பார்கள். சொன்னபடி வந்த காய்ச்சலைக் கண்டு அவ்வளவாக யாரும் மிரளுவதில்லை. அடுத்த ஊசிக்கும் வந்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் எங்கள் தப்பையும் எழுத வேண்டும். தொடை வீங்குவது எல்லாமே மருந்தின் குணம் இல்லை. தசைக்குள் போக வேண்டியதை மேலாகப் போட்டாலும் வீங்கும். மருந்து உறைந்து போயிருந்தாலும் வரும். நான் சேர்ந்த புதிதில் ஐஸ் பெட்டிக்குள் பாறை மாதிரி உறைந்த ஐஸ் பேக்கை அப்படியே அடுக்குவோம். குளிர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பு. முத்தடுப்பு மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறைந்துவிட்டால் வீரியம் போய்விடும் என்பது பிறகு பயிற்சியில்தான் மண்டையில் ஏறியது. உறைந்து கெட்ட பாட்டிலைக் குலுக்கி வைத்தால் திரிந்த பால் மாதிரி துகள் துகளாகச் சீக்கிரம் அடியில் இறங்கிவிடும். அப்புறம் எல்லாம் ஐஸ் பேக்கை வெளியே எடுத்து மேஜையில் பரப்பி, அது வியர்க்கும் வரை காத்திருப்போம். பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே 'சலக்' என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகலாம். ஊசி போடும் புதன்கிழமை காலையில் ஆளுக்கு ஒரு ஐஸ் பேக்கைக் காதில் வைத்துக்கொண்டு நிற்போம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அம்மை வேறு கதை. மணல்வாரி, அதாவது தட்டம்மை, வந்த வீட்டில் வாசலில் வேப்பிலை தொங்கும், ஆஸ்பத்திரி என்று வாய் திறக்கக் கூடாது. நான் வேப்பிலையோடு சண்டை போட்டதே இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து, குழந்தையின் கண்ணைப் பார்த்து, வைட்டமின் ஏ திரவத்தைக் கொடுத்துவிட்டு வருவேன். தட்டம்மையில் கண் போவது நிஜம், நிமோனியா வருவதும் நிஜம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் பல வாரம் அந்தப் பிள்ளை வேறு வேறு நோயில் விழுந்துகொண்டே இருக்கும். உடம்பு முன்னே பழகி வைத்திருந்த எதிர்ப்பையே தட்டம்மை அழித்துவிடுகிறது என்று இப்போது சொல்கிறார்கள். நாங்கள் கண்ணால் பார்த்ததும் அதுதான்.

2017 பிப்ரவரியை மறக்க முடியாது. தட்டம்மை-ரூபெல்லா ஊசி, 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும். தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில்தான் முதலில் தொடங்கினார்கள். தொடங்கும் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு சுற்ற ஆரம்பித்துவிட்டது. பிள்ளை பிறக்காமல் போய்விடும், வெளிநாட்டுச் சோதனை, இன்னும் என்னென்னவோ. அரசுப் பள்ளியில் பிரச்சினை குறைவு. ஒரு தனியார் பள்ளியில் ஊசி அன்றைக்கு வகுப்பில் பாதி பெஞ்சு காலி.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்தார். "என் பையனுக்கு ஏற்கெனவே எல்லாம் போட்டாச்சு. அவன் ஆம்பளப் புள்ள வேற. ரூபெல்லா எதுக்கு?" நல்ல கேள்வி. ரூபெல்லா அவனுக்கு இரண்டு மூன்று நாள் தடிப்போடு போய்விடும், அவனிடமிருந்து மாசமாக இருக்கும் சித்திக்கோ டீச்சருக்கோ போனால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயத்தில் ஓட்டை வரலாம் என்றேன். முன்னே போட்டிருந்தாலும் இன்னொரு தடவை போடுவதால் கெடுதல் இல்லை என்றேன். அதோடு வழக்கமான என் பாட்டையும் பாடினேன்: கை வலிக்கும், சில பேருக்குக் காய்ச்சல் வரும், அஞ்சாறு பேர் மயங்கியும் விழுவார்கள்.

தலைமை ஆசிரியர் என்னை முறைத்தார். மயக்கம் என்று ஏன் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டார். பயத்தில் ஒரு பெண் விழுந்தால் வரிசையில் அடுத்த நாலு பேரும் விழுவார்கள் சார், முன்னாடியே சொன்னால் பெற்றவர்கள் காலையில் சாப்பாடு கொடுத்து அனுப்புவார்கள் என்றேன். அப்படியேதான் நடந்தது. "சாப்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைப் பிடித்தேன். இரண்டு பேர் விழுந்தார்கள், பெஞ்சில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் எழுந்துகொண்டார்கள். அந்த அப்பா அன்றைக்கு வரவில்லை. முகாம் மார்ச்சுக்கும் நீண்டது, அப்போது பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்று கேட்பார்கள், தனியாரில் வலி இல்லாத ஊசி இருக்கிறதே, அதைப் போடலாமா என்று. காசு இருந்தால் போடுங்கள், காய்ச்சல் குறைவுதான். ஆனால் கக்குவானுக்கு எதிராக நீண்ட நாள் நிற்பது வலிக்கிற பழைய ஊசிதான். இதைச் சொன்னால் அரசாங்க நர்சு அப்படித்தான் சொல்வாள் என்பார்கள். சரி.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினாள். ஒன்றில் பையன் வாயில் பால் வழிய தூங்குகிறான். இன்னொன்று தடுப்பூசி அட்டை. அவன் மூத்திரம் போய் எழுத்தெல்லாம் கலங்கியிருந்தது. 'அடுத்த தேதி என்னன்னு தெரில நர்சம்மா.'

பெரிதாக்கிப் பார்த்தேன். ஆகஸ்ட் 20, புதன். பென்டா என்கிற ஐந்து நோய்த் தடுப்பு ஊசியும் போலியோ சொட்டும் வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டும் இருக்கும், இந்தத் தடவை ஒரே ஊசிதான், அன்றைக்கும் ராத்திரி காய்ச்சல் வரலாம், அட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வை என்று எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.