பாய்ஷிஜோவில் ஒரு கோடை

ஜூலை 3, 2019, புதன்

சீனாவின் ஷென்ஜென் நகரத்தில், பாய்ஷிஜோ என்ற நெரிசலான குடியிருப்புப் பகுதியில், எங்கள் கட்டடத்தின் மாடிப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகஸ்ட் இறுதிக்குள் எல்லா அறைகளும் காலியாக வேண்டும் என்பதே அதன் சாரம்; உரிமையாளர் பெயரோ கையெழுத்தோ இல்லை. ஒட்டியவர் கட்டடத்தை மொத்தமாக எடுத்து எங்களுக்கு அறை அறையாக விடும் இடைக்குத்தகைக்காரர். எல்லோரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள், யாரும் குரல் உயர்த்தவில்லை. எதிர்க்கட்டடத்துத் 'தாஜியே' (சீனத்தில் அக்கா; அவரை நான் அப்படித்தான் அழைக்கிறேன்) மட்டும் தன் மகளைக் காட்டி ஜன்னல் வழியாக என்னைக் கேட்டார்: "அப்படியென்றால் இவளுடைய பள்ளிக்கூடம்?"

ஜூலை 6, சனி

இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு நான் குடிவந்த நாளிலிருந்தே இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய பேச்சு என்பதால்தான் அதை யாரும் நம்பாமல் இருந்தோம். இங்கே சுமார் 2,500 கட்டடங்கள், ஒன்றரை லட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்குள் கை நீட்டி உப்பு வாங்கலாம். நண்பகலிலும் என் அறையில் குழல்விளக்கு எரிய வேண்டும். இதற்கு மாதம் 1,800 யுவான். ஆனாலும் மெட்ரோவில் ஒரே நிறுத்தம் மேற்கே போனால் உயர்தொழில்நுட்பப் பூங்கா. கிழக்கே ஒரு நிறுத்தத்தில் 'உலகின் சாளரம்' கேளிக்கைப் பூங்கா, அதன் 108 மீட்டர் போலி ஐஃபல் கோபுரம். முதல் சம்பளம் வாங்கும் மென்பொருள் இளைஞர், இரவுப் பணிக் காவலாளி, உணவு கொண்டுசெல்லும் ஓட்டுநர், நடைபாதையில் பழம் விற்பவர் எல்லோரும் ஒரே படிக்கட்டில் ஏறியிறங்கும் இடம் நான்ஷான் மாவட்டத்தில் வேறெங்கே இருக்கிறது?

இந்த நெருக்கத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1959இல் இங்கிருந்த ஐந்து ஊர்களும் ஷாஹெ பண்ணையோடு இணைக்கப்பட்டன. வயல் கைவிட்டுப் போக, வீட்டு மனை மட்டும் மிஞ்சியது. பின்னாளில் நகரம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றபோது, அந்த மனையின் மேல் எத்தனை மாடி எழுப்ப முடியுமோ அத்தனையும் ஊர்க்காரர்கள் எழுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது அவர்களுக்கு இடித்த பரப்புக்கு ஈடாகப் புதிய குடியிருப்புகள் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது அந்தத் தாள்.

ஜூலை 9, செவ்வாய்

முன்பணத்தைப் பற்றிக் கேட்டேன். பதில் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

நகரின் மேற்கே சீஷியாங் வரை போய் அறை பார்த்துவிட்டு வந்தேன். முதல் தரகர் சொன்ன வாடகை, நான் வீதியைக் கடந்து இரண்டாவது தரகரிடம் போவதற்குள் இருநூறு யுவான் கூடிவிட்டது. "பாய்ஷிஜோவிலிருந்து வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொகையையே சொல்கிறார்கள். இதை நான் சொன்னபோது தாஜியே சிரித்தார், அவரும் நகரின் வடக்கே லோங்ஹுவாவில் இதையே கேட்டாராம்.

புதிய இடத்துக்குப் போன 24 மணி நேரத்துக்குள் நான் காவல் நிலையத்தில் இருப்பிடத்தைப் பதிந்தாக வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல் வேண்டும். நகல் தருவீர்களா என்று கேட்டவுடன் இரண்டு தரகர்கள் பேச்சை மாற்றினார்கள். வெளிநாட்டவருக்கு அறை விடுவது அவர்களுக்குத் தொந்தரவு.

ஜூலை 22, திங்கள்

தாஜியே ஹுனான் மாகாணத்தவர். கீழ்த்தளத்தில் அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார், கணவர் லாரி ஓட்டுகிறார். மகள் செப்டம்பரில் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். இன்று மாலை கடையை மூடியபின் காகிதங்களையெல்லாம் மேசையில் பரப்பி எனக்குக் காட்டினார்: குடியிருப்பு அனுமதி அட்டை, சமூகக் காப்பீட்டுச் சீட்டுகள், வாடகைச் சான்று. வெளியூர்க் குடிப்பதிவு (அரசுப் பதிவேட்டில் சொந்த ஊர்) உள்ள பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது இந்தக் காகிதங்கள் ஈட்டித்தரும் புள்ளிகளால்தான். ஒரே முகவரியில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் புள்ளி ஏறும். முகவரி மாறினால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். சேர்ந்த பள்ளியில் அவளுடைய இடம் பறிபோகாது. ஆனால் அவர்களால் வாடகை கொடுக்க முடிகிற லோங்ஹுவாவிலிருந்து அவள் நான்காம் தடத்தில் ஏறி, மாநாட்டு மையத்தில் இறங்கி, முதலாம் தடத்துக்கு மாறி வர வேண்டும். காலை நேரத்து நான்காம் தடத்தில் பெரியவர்களே முதல் வண்டியில் ஏற முடியாமல் அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். எட்டு வயதுப் பெண் எப்படி ஏறுவாள்?

இல்லையென்றால் ஊருக்கு அனுப்பிப் பாட்டியிடம் விட வேண்டும். அந்த வாக்கியத்தைத் தாஜியே முடிக்கவில்லை. சிறுமி அப்போது எங்கள் அருகிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆயீ (அத்தை), நீங்களும் லோங்ஹுவாவுக்கு வருவீர்களா?" என்று என்னைக் கேட்டாள். என் அலுவலகம் அந்தப் பக்கம் இல்லை என்றேன். உண்மைதான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நேற்று முதல் விபா புயலின் மழை. போன செப்டம்பரில் மாங்குட் வந்தபோது ஜன்னலுக்கு ஒட்டுநாடா ஒட்டினோம். இம்முறை ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

பழைய பொருள் வாங்குபவர்களின் மூன்று சக்கர வண்டிகள் காலை முதல் சந்து முனையில் நிற்கின்றன. குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம், கட்டில் என்று எதைக் கொண்டுபோனாலும் எடை போட்டோ பார்வையாலோ ஒரு தொகை சொல்கிறார்கள். விற்பவர் பணம் பெறும் தன் சதுரக் குறியை (க்யூஆர் குறி) நீட்ட, வாங்குபவர் கைப்பேசியால் அதை வருடிவிட்டுப் போகிறார். ஒரு தாள் பணம்கூடக் கண்ணில் படவில்லை. நான்கு ஆண்டுக் குடித்தனம் ஒன்று, ஒரு வாய்த் தேநீர் குடிக்கும் நேரத்தில் கைமாறியதைப் பார்த்தேன்.

எதிர்க்கட்டடத்தின் மேல்மாடிக்காரர் தகரக் கூரைத் தடுப்பைக் கழற்றி விற்றுவிட்டதால் பகல் பதினொன்றரைக்கு என் மேசைமீது வெயில் விழுகிறது. மடிக்கணினித் திரை தெரியவில்லை. மேசையை நகர்த்திப் போட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நேற்று வெளியான மத்திய அரசு ஆவணத்தைப் பற்றித்தான் அலுவலகத்தில் எல்லோரும் பேசினார்கள். ஷென்ஜென் இனி சீனப் பண்புகள் கொண்ட சோஷலிசத்தின் முன்னோடி மாதிரிப் பகுதி. இந்த நூற்றாண்டின் நடுவில் உலகுக்கே அளவுகோலான நகரம். வீட்டு விலை ஏறும் என்று ஒருவர் உற்சாகமாகச் சொன்னார், அவருக்குச் சொந்த வீடு உண்டு. மதிய இடைவேளையில் ஆவணத்தை மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு படித்தேன். கற்பவர்க்கு மேலான கல்வி, வசிப்பவர்க்கு உகந்த உறைவிடம் என்று இலக்குகள் வரிசையாக வருகின்றன. படித்தபோது எனக்குத் தாஜியேயின் மேசைமீதிருந்த காகிதங்கள் நினைவுக்கு வந்தன.

இந்த நகரத்தின் சாதனைகளை நான் மறுக்கவில்லை. 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டபோது இது சில லட்சம் பேர் வாழ்ந்த எல்லைப்புற வட்டாரம், இன்று 1.3 கோடிப் பேர். 2017 இறுதிக்குள் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள்; ஷென்னான் பெருஞ்சாலையில் நின்றால் பேருந்து அருகில் வருவதே காதுக்குத் தெரியாது. ஆனால் அந்த 1.3 கோடியில் இந்த நகரத்துக் குடிப்பதிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 45 லட்சம்தான். மற்றவர்கள் இங்கே உழைக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்; முகவரி மட்டும் வேறொருவர் தயவில் இருக்கிறது. மாற்றத்தின் வேகத்தைப் புகழ்கிறவர்கள் யாருக்கு எவ்வளவு அவகாசம் தரப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இடைக்குத்தகைக்காரர் இன்றும் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டு மாத முன்பணம், 3,600 யுவான்.

ஆகஸ்ட் 24, சனி

இன்று யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

மூன்றாம் மாடிக்கு மேலே தண்ணீர் வரவில்லை. காலியான அறைகளின் கதவுகளில் சீட்டு ஒட்டிக்கொண்டே வருகிறார்கள். தாஜியே கடையைக் காலி செய்துவிட்டார். கொதிகலனை மட்டும் விற்கவில்லை. மகளை ஊருக்கு அனுப்பப் போவதில்லை என்று முடிவாகச் சொன்னார். இந்த அரையாண்டுக்குக் கணவர் வெளியூர்ச் சுமையை விட்டுவிட்டு உள்ளூர் வண்டி ஓட்டுவார். காலையில் அவரே மகளை மெட்ரோவில் அழைத்து வருவார். மாலைக்கு என்ன வழி என்பது இன்னும் தெரியாது. வருமானம் குறையும். "குறைந்தால் குறையட்டும்" என்றார். எனக்கு அந்தக் குரலைக் கேட்டபிறகு நாள் முழுவதும் வேலை ஓடியது.

செப்டம்பர் 2, திங்கள்

பள்ளி திறந்தது. ஆறு மணிக்கு முன்பே கிளம்பினார்களாம். சிறுமி வண்டியில் நின்றுகொண்டே தூங்கினாளாம்.

முன்பணத்தில் பாதி வந்தது. மீதிக்குச் சுவர்க் கறை, பூட்டு, துப்புரவுக் கூலி என்று ஒரு பட்டியலும் வந்தது. இடிக்கப் போகிற சுவரின் கறைக்கு!

செப்டம்பர் 7, சனி

நேற்றிரவு சீஷியாங் வந்து சேர்ந்தேன். காவல் நிலையத்தில் வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகலும் வாடகை ஒப்பந்தமும் கேட்டார்கள். வீட்டுக்காரர் ஹாங்காங்கில் இருக்கிறார், அட்டையின் படத்தை மாலைக்குள் அனுப்புவதாகத் தரகர் சொல்கிறார். 24 மணி நேரம் இன்றிரவு ஒன்பதரைக்கு முடிகிறது. இதற்கிடையே தாஜியேயின் செய்தி: லோங்ஹுவாவில் வாடகைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம், பழைய சான்றின் தெளிவான படம் என் கைப்பேசியில் இருக்கிறதா என்று கேட்கிறார். ஜூலையில் எடுத்த படங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.