கேட்காமல் நடக்கக்கூடிய காடு

நோர்வேயில் பிள்ளையைப் பார்னஹாகேயில், அதாவது இங்குள்ள பாலர் பள்ளியில், சேர்த்ததும் பெற்றோர் கைக்கு முதலில் வருவது உடுப்புப் பட்டியல். உடம்போடு ஒட்டிப் போட மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு, தடித்த கம்பளிக் கால்மேசு, மழைக்குச் சட்டையும் காற்சட்டையும், ரப்பர் பூட்ஸ், பனிக்குக் கழுத்திலிருந்து கால்வரை மூடும் ஒரு முழு உடுப்பு, கையுறை இரண்டு சோடி. எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். கொப்பி, பென்சில் எதுவும் பட்டியலில் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "ஏடு தொடக்கின பிள்ளையை மழைக்குள்ள விளையாட விடவோ காசு கட்டுறீங்கள்?" என்று கேட்டா.

அவ கேட்டதில் பிழையில்லை. இங்கே கைக்குழந்தைகளை மத்தியான நித்திரைக்கு வண்டிலோடு வெளியில் விடுகிறார்கள், மார்கழியிலும்கூட. கிழமையில் ஒரு நாள் நாலு வயதுப் பிள்ளைகளுக்கும் முதுகுப்பை கொழுவி, இருக்கையாகப் போட ஒரு பஞ்சுத் தட்டும் கொடுத்துக் காட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். மழை வந்தால் பயணம் நிற்பதில்லை, உடுப்புத்தான் மாறும். பின்னேரம் பிள்ளையைக் கூப்பிடப் போகையில் கன்னம் சிவந்து, பூட்ஸுக்குள் சேற்றோடு, பசியோடு வரும். என் பிள்ளைகள் இரண்டும் அந்தக் காட்டுக்குள்தான் நோர்வேஜிய மொழியைப் பிடித்தன. பூச்சியின் பெயர், காளானின் பெயர், எந்த மரத்துப் பட்டையில் தீ பற்றும் என்பதெல்லாம் அவர்களிடமிருந்துதான் எங்களுக்கு வந்தது.

பிள்ளைகள் பிறக்கும்வரை எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்குள்ளும் மண்டபங்களுக்குள்ளும் கழிந்தன. பிறந்தநாள், சாமத்தியவீடு, கோயில், இல்லாவிட்டால் யாராவது சொந்தக்காரர் வீட்டில் கொத்துரொட்டி. அந்த வாழ்வை நான் குறைத்துச் சொல்லவில்லை. எண்பதுகளில் வந்து வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிருக்குள் நின்று உழைத்தவர்களுக்கு ஞாயிறு என்பது கால் நீட்டும் நாள். காட்டைப் பார்த்து வர அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை, கூட்டிப் போக ஆளும் இருக்கவில்லை. எங்களுக்கு அந்த ஆள், கையுறையைக் கயிற்றில் தொங்கவிட்டபடி முன்னால் ஓடிய எங்கள் மூத்தவள்.

ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. நகரத்தைச் சுற்றிக் காடு. எல்லாரும் அதை மார்க்கா என்றே சொல்வார்கள். வீடு கட்டி விழுங்கிவிடாதபடி அதைக் காப்பதற்கென்று 2009 இல் தனியாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். நிலக்கீழ் ரயிலில் ஏறினால் கடைசித் தரிப்பிடத்தில் காடு தொடங்கிவிடும், கார் தேவையில்லை. சின்னப் பிள்ளைகளோடு முதன்முதலில் வெளிக்கிடுபவர்களுக்கு நான் சொல்வது சோங்ஸ்வான் ஏரி. 5 ஆம் இலக்க ரயில் அங்கேயே போய் நிற்கும். ஏரியைச் சுற்றிய பாதை 3.3 கிலோமீற்றர், மட்டமானது, வண்டில் தள்ளிப் போகலாம். பெரியவர்களுக்கு ஒரு மணித்தியாலம் காணும். பிள்ளைகளோடு என்றால் அரை நாளை ஒதுக்குங்கள், ஏனென்றால் ஒவ்வொரு கல்லிலும் ஏற வேண்டும், ஒவ்வொரு தடியையும் கொண்டுவர வேண்டும். அந்த அரை நாளை அவசரப்படுத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏரியைச் சுற்றி முடிப்பதா பெரிது? நாலு வயதுக்காரனுக்கு ஒரு குட்டை போதும்.

குரூருத்டாலன் பக்கம், எங்கள் ஆட்கள் நிறையப்பேர் இருக்கும் பகுதியில், ஸ்தோவ்னர் கோபுரம் இருக்கிறது. 2017 இல் திறந்தார்கள். படி கிடையாது, சுற்றிச் சுற்றி மரங்களின் உச்சிக்கு மேலாக ஏறும் சாய்வான நடைபாதை, சுமார் 260 மீற்றர். முழங்கால் நோவுள்ள மாமிமாரையும் வண்டிலில் இருக்கும் குழந்தையையும் ஒரே நேரத்தில் கூட்டிப் போகக்கூடிய இடம் அது.

இனி நான் உண்மையில் எழுத வந்ததைச் சொல்கிறேன். 1957 இல் இந்த நாட்டில் வெளிப்புற வாழ்வுச் சட்டம் என்று ஒன்று வந்தது. வேலி அடைத்துப் பயிர் செய்யாத நிலம் எதுவோ, காடோ மலையோ கரையோ, அது யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், அதில் எவரும் வருடம் முழுவதும் கால்நடையாகப் போகலாம். பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம். வீடுகளிலிருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடித்து, அனுமதி கேட்காமல் இரண்டு இரவுவரை தங்கலாம். வயலில் மட்டும் கவனம் வேண்டும். நிலம் உறைந்தோ பனி மூடியோ இருந்தால் வயலிலும் நடக்கலாம், ஆனால் சித்திரைக் (ஏப்ரல்) கடைசியிலிருந்து ஐப்பசி (ஒக்ரோபர்) நடுப்பகுதிவரை அதற்கும் இடமில்லை. ஒஸ்லோவுக்கு வடக்கே உள்ள நூர்மார்க்காவின் பெரும்பகுதி ஒரே குடும்பத்தின் தனிச்சொத்து. அந்தக் குடும்பத்தின் காட்டுக்குள்தான் ஞாயிறுகளில் நகரமே நடக்கிறது.

இதை வாசித்து அறிந்துகொள்வது ஒன்று, கால் அதை நம்புவது வேறு. என் குடும்பம் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. எங்கள் சொந்தக் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பனைகளுக்கு அங்காலதான் வீடு என்று அப்பா கை காட்டியதைக் கேட்டு வளர்ந்தேன். 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது போர்முனையாக இருந்த முகமாலையைத் தாண்டிப் போன பஸ்ஸில் நானும் இருந்தேன். இரண்டு பக்கமும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள், மிதிவெடி எச்சரிக்கை. வீதியை விட்டு ஒரு அடியும் இறங்கக் கூடாது என்று பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் நாங்கள் இறங்கியிருக்க மாட்டோம். நிலத்தைப் பற்றி எங்கள் தலைமுறை படித்த பாடம் அது.

அதனால்தான் ஆவணி மாதத்தில் ஒஸ்லோ மார்க்காவின் ஒரு பகுதியான லில்லோமார்க்காவில் பிள்ளைகள் பழம் பறிக்கப் பற்றைக்குள் பாய்ந்தபோது, என் வாய் என்னைக் கேளாமலே "பாதையை விட்டுப் போகாதேங்கோ" என்று கத்தியது. மூத்தவள் திரும்பிப் பார்த்து, "அம்மா, ஏன் பாதையிலயே நிக்கிறீங்கள்? பழம் உள்ளுக்கத்தான் கிடக்கு" என்றாள். அவளுக்கு அது சாதாரணக் கேள்வி. நான் இறங்கினேன். நிலம் பாசியால் மெத்தென்று இருந்தது, முழங்காலுக்குக் கீழே புளூபேர் என்ற காட்டு நீலப்பழச் செடிகள். இவர் எனக்குப் பின்னால் ஒன்றும் பேசாமல் வந்தார். அவரும் வன்னியில் வளர்ந்தவர்தான்.

அடுத்த கோடைக்கு அம்மா விசாவில் வந்து எங்களோடு நின்றா. அவவையும் அதே இடத்துக்குக் கூட்டிப்போனோம். சேலைக்கு மேலே என் குளிர்ச் சட்டையையும் போட்டுக்கொண்டு, பிளாஸ்கைக் கையில் பிடித்தபடி வந்தவ, பிள்ளைகள் வாளியை நிரப்புவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "ஆற்றை காணி இது? கேட்டிட்டே ஆயிறீங்கள்?" என்றா. கேட்கத் தேவையில்லை மாமி, சட்டமே விட்டிருக்கு என்று இவர் விளங்கப்படுத்தினார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. காணிக்காரன் வந்து பேசினால் என்ன செய்வது என்று இன்னொரு முறையும் கேட்டா. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தவ, எங்கள் எல்லாரையும்விட வேகமாகப் பறித்தா. சின்னவனின் நாக்கும் பல்லும் நாவல்பழம் தின்ற வாய் மாதிரி ஊதா நிறமாகிவிட்டதைப் பார்த்து அவவுக்குப் பெரிய சந்தோசம். புரட்டாசியில் பழுக்கும் சிவப்பு லிங்கன்பழத்தின் புளிப்பை ருசி பார்த்ததும், இதுக்குச் செத்தல் மிளகாயும் உப்பும் போட்டால் நல்ல சட்னி வரும் என்று அவ சொன்னது சரியாகத்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு வருடமும் செய்கிறோம்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் எங்கள் பிள்ளைகள் கோபிப்பார்கள். இங்குள்ளவர்கள் காட்டுக்குக் கொண்டுபோவது பாண் துண்டுகள் அடுக்கிய மாட்பாக்கே, ஒரு தோடம்பழம், சுடச்சுடக் கொக்கோ, தடியில் குத்திச் சுட சொசேஜ். மாவைக் குழைத்துத் தடியில் சுற்றி நெருப்பில் சுடும் பின்னபுரோ என்ற பாணும் உண்டு. பார்னஹாகேயில் அதைப் பழகிவந்த மூத்தவள் வீட்டிலும் கேட்டாள். நாங்கள் ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரியே கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் கொஞ்சம் பச்சை மிளகாயும் போட்டுக் குழைத்துக்கொண்டு போனோம். மாவை மெல்லிசாகச் சுற்ற வேண்டும். தணலுக்கு மேலே பிடிக்க வேண்டும், சுவாலைக்குள் விட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். பக்கத்து நெருப்பில் இருந்த ஒரு நோர்வேஜியக் குடும்பம் வாசத்துக்கே எழும்பி வந்தது. அவர்களுடைய பிள்ளைக்கு மிளகாய் உறைத்தது, ஆனாலும் இரண்டாவது தடியையும் வாங்கிக்கொண்டுதான் போனது.

நெருப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சித்திரை 15 முதல் புரட்டாசி 15 வரை, ஆங்கில மாதக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை, காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டுவது பொதுவாகத் தடை. கல் அடுக்கி ஒழுங்குபடுத்திய இடங்கள் உண்டு. கடும் வறட்சியென்றால் அங்கேயும் கூடாது என்று அறிவிப்பார்கள். கோடையில் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கக்கம், காதுக்குப் பின்புறம், மயிரோரம் எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். அதை இழுத்தெடுக்கச் சின்ன இடுக்கி மருந்துக்கடைகளில் விற்கும். இவை இரண்டையும் பழக்கமாக்கிக்கொண்டால் பயப்பட வேறு அதிகமில்லை.

வழிதவறுவது பற்றிப் புதிதாக வருகிறவர்கள் நிறையக் கேட்பார்கள். ஒஸ்லோ மார்க்காவில் மரங்களில் பூசிய நீல நிறம் கால்நடைப் பாதை, சிவப்பு பனிச்சறுக்குப் பாதை. ஆறு வயதுப் பிள்ளையை முன்னால் விட்டு அடுத்த நீலத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், களைப்பு என்ற சொல்லே வராது. மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது விதிகள் இருக்கின்றன. 1937 முதல் விற்கும் குவிக் லுன்ஷ் சொக்கிலேற்றின் உறையை விரித்தால் உட்பக்கத்தில் அவற்றை அச்சிட்டிருப்பார்கள். எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒன்பதிலும் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன். சின்னவனுக்கு உதடு நீலம் பூத்தாலோ மூத்தவள் பேச்சை நிறுத்தினாலோ நாங்கள் திரும்பிவிடுவோம். எதுவரை போக நினைத்தோம் என்பதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

குளிர்காலத்தை நான் விரும்பப் பழகியதற்குக் காரணம் ஒரு சறுக்குப் பாதை. மார்கழியில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் விடியும், மூன்றுக்குப் பிறகு இருட்டிவிடும். வீட்டுக்குள் இருந்தால் மனம் சுருங்கும். 1 ஆம் இலக்க ரயிலில் பிரோங்னர்செத்தரன்வரை ஏறி, அங்கிருந்து கோர்க்கத்ரெக்கரன் என்ற பாதையில் சறுக்குப் பலகையில் இறங்கலாம். 2000 மீற்றர் நீளம், 255 மீற்றர் இறக்கம். கீழே மித்ஸ்தூவன் தரிப்பிடத்தில் பலகையோடு ரயிலில் ஏறி மறுபடியும் மேலே போய்விடலாம். தலைக்கவசம் கட்டாயம் போடுங்கள். சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு இறங்குகையில் அவன் கத்தும் சத்தம் எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் ஒருபோதும் கேட்காத சத்தம். வேலைநாள் பின்னேரங்களில் விளக்குப் போட்ட பாதைகளுக்குப் போவோம், எல்லாருடைய உடுப்பிலும் ஒளிதெறிக்கும் பட்டி தொங்கும். ஓரமாக நடந்தால் போதும். பனிச்சறுக்குக்காரர்களுக்கென்று கோடு போட்டு வைத்த தடத்தை மிதித்துக் கெடுக்கக் கூடாது.

செலவைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு: பூஆ என்ற பெயரில் பல இடங்களில் இரவல் நிலையங்கள் இருக்கின்றன. சறுக்குப் பலகை, பனிச்சப்பாத்து, கூடாரம், முதுகுப்பை எல்லாம் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். கம்பளி உள்ளுடுப்பை மட்டும் காசு கொடுத்தென்றாலும் நல்லதாக வாங்குங்கள். பருத்தி நனைந்தால் உடம்பைக் குளிர்விக்கும், கம்பளி நனைந்தாலும் சூடு காக்கும். ஊரிலிருந்து வந்த புதிதில் பிள்ளைக்குப் பருத்திச் சட்டை நாலைப் போட்டு அனுப்பும் தாய்மாரைக் கண்டால் நான் கிட்டப் போய்க் கதைக்காமல் விடுவதில்லை.

இந்த ஆடியில் கூடாரத்தில் ஒரு இரவு தங்குவதென்று முடிவெடுத்திருக்கிறோம். இடத்தை மூத்தவள் தெரிந்துவிட்டாள், லில்லோமார்க்காவில் ஒரு சின்ன ஏரிக்கரை. கூடாரத்துக்குப் பூஆவில் பெயர் கொடுத்தாயிற்று. வெறும் காட்டில் பிள்ளைகளைப் படுக்க வைப்பதா என்று அம்மா தொலைபேசியில் இன்னும் சண்டை பிடிக்கிறா. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்றும் கேட்கிறா. இடியப்பம் அவித்துக் கட்டிக்கொண்டு போகலாம், சம்பல் பழுதாகாது, காலையில் நெருப்பில்லாமல் குடிக்கப் பிளாஸ்கில் பிளேன்ரீ. இரண்டு பிள்ளைகளுக்கும் மேலதிகமாக ஒவ்வொரு சோடி கால்மேசு.