திறந்தவெளிக் கச்சேரிக்கு உரிமம் வாங்கிய கதை

நண்பர்கள் சேர்ந்து திறந்தவெளியில் ஒரு மெல்லிசைக் கச்சேரி வைத்தோம். உரிமம், அனுமதி என்று அலைகிற வேலை என் தலையில் விழுந்தது. "போலீஸ் பெர்மிஷன் இருந்தா போதும்" என்று சொல்லாத ஆள் இல்லை. போதாது.

முதலில் மைதானத்துக்காரரின் சம்மதக் கடிதம். அது இல்லாமல் போனால் மனுவைக் கையிலேயே வாங்க மாட்டார்கள். தேதி, நேரம், எத்தனை பேர் வருவார்கள் என்பதெல்லாம் எல்லா மனுவிலும் ஒரே மாதிரி இருக்கட்டும், காவல்துறைக்கு ஒரு எண்ணிக்கையும் தீயணைப்புத் துறைக்கு வேறொன்றும் கொடுத்தால் சான்றுக்குப் பதில் கேள்விதான் வரும். தீயணைப்பு அதிகாரி மேடையை அவ்வளவாகப் பார்க்கவில்லை. வெளியேறும் வழியில் நின்று, அங்கே அடுக்கியிருந்த நாற்காலிகளைக் காட்டி, "இதை எடுத்துட்டுக் கூப்பிடுங்க" என்றார். எடுத்தோம், கூப்பிட்டோம், கையெழுத்தானது.

ஒலிபெருக்கிக்குத் தனியாக எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. அதை நம்பி நிகழ்ச்சி நிரல் போடாதீர்கள். பொது இடத்தின் எல்லையில் சத்தம், அந்தப் பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. எங்கள் சவுண்ட் எஞ்சினியர் வேலியோரம் மீட்டரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கர்களை வீடுகள் இல்லாத பக்கம் திருப்பி வைத்தார்.

பலர் கண்டுகொள்ளாமல் விடுவது பாட்டுக்கான உரிமம். கல்யாணத்தில் பாடினால் யாரும் கேட்பதில்லையே என்பார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்திலேயே திருமணத்துக்கு விலக்கு இருக்கிறது, அதனால்தான். சரி, டிக்கெட் இல்லாமல் இலவசமாக வைத்தால்? இலவச நிகழ்ச்சிக்கான சலுகை தொழில்முறை அல்லாத மன்றங்கள் பாடும்போதுதான், காசு வாங்கிப் பாடும் குழுவுக்கு இல்லை. மேடையில் நேரடியாகப் பாட, பாடல் வரிக்கும் மெட்டுக்குமான உரிமத்தை, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் சேர வேண்டிய பங்கை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் வாங்கினோம். பாடகர் வாங்கிக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது, அது நடத்துகிறவர் பொறுப்பு. இடைவேளையில் பென் டிரைவில் பாட்டுப் போடுவதாக இருந்தால் அந்த ஒலிப்பதிவின் உரிமை வேறொருவரிடம் இருக்கும், அதற்கு வேறு உரிமம் வேண்டும். நாங்கள் இடைவேளையில் கீபோர்டுக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டோம்!

அப்புறம், எல்லா அனுமதிக்கும் நகல் எடுத்து ஒரே கோப்பாக மேடைக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். ரோந்து வந்த காவலர் ஒலிபெருக்கி அனுமதியை மட்டும் கேட்டார், பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டதால், ஐபிஆர்எஸ் அமைப்புக்குக் கொடுத்த பட்டியலில் இல்லாத பாட்டெல்லாம் பாடகர்கள் பாடினார்கள். மறுநாள் அவற்றையும் சேர்த்துத் திருத்திய பட்டியலை அந்த அமைப்புக்கு அனுப்பினேன். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு போக வேண்டுமானால் எது பாடப்பட்டது என்று அமைப்புக்குத் தெரிய வேண்டுமே.