கிங் ஆலிவரைக் கேட்கப் பழகிய கதை

'கிங்' என்று பெயர்பெற்ற ஜாஸ் கலைஞர், கார்னெட் என்ற ஊதுகருவி வாசித்த ஜோ ஆலிவரை நான் முதன்முதலில் கேட்டது அவருக்காக அல்ல. பின்னாளில் ஜாஸின் பெரும்புகழ் ட்ரம்பெட் கலைஞரான லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் முதல் தடவையாக இசைத்தட்டில் வாசித்தது 1923இல், கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்டில் என்று எங்கோ படித்துவிட்டு, அந்த இளம் லூயிஸைத் தேடிப் போனேன். காதில் விழுந்தது தகரக் கூரைமேல் மழை பெய்வது போன்ற ஓர் இரைச்சலும், அதற்கு அடியில் ஏழெட்டுப் பேர் ஒரே சமயத்தில் பேசுவது போன்ற குழப்பமும்தான். லூயிஸ் எங்கே, ஆலிவர் எங்கே என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டு பாட்டுகளோடு நிறுத்திவிட்டேன். பிறகு சில ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை.

என் தவறு என்னவென்று இப்போது தெரிகிறது. பின்னாளில் வந்த ஜாஸைக் கேட்டுப் பழகிய காது, ஒருவர் முன்னால் நின்று தனியாக வாசிப்பார், மற்றவர்கள் பின்னால் தாங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கிறது. ஆலிவரின் இசை அப்படிப்பட்டது அல்ல. அமெரிக்காவின் தென்பகுதி நகரான நியூ ஆர்லியன்ஸில் அவர் வளர்ந்த காலத்தில், கார்னெட் வாசிப்பவரின் வேலை மெட்டை உறுதியாகப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை நடத்திச் செல்வது. கிளாரினெட் அந்த மெட்டைச் சுற்றிக் கொடிபோல ஏறி இறங்கும். ட்ரோம்போன் கீழே இருந்து இழுத்து இழுத்து முட்டுக் கொடுக்கும். எல்லோரும் சேர்ந்தே வாசிப்பார்கள். ஆனால் யாரும் யார்மேலும் மோதிக்கொள்ள மாட்டார்கள். கார்னெட் என்ற கருவியும் அதற்கு ஏற்றது. ட்ரம்பெட்டைப் போலவே மூன்று வால்வுகள் கொண்டது என்றாலும், அதன் குழாய் வாய்ப்பகுதியிலிருந்து மெல்ல மெல்ல அகன்றுகொண்டே போவதால், குரலில் கூர்மை குறைந்து ஓர் உருண்டை வந்துவிடுகிறது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து பேசத் தகுந்த குரல் அது.

அந்த ஊரில் சிறந்த கார்னெட் வாசிப்பாளரை 'கிங்' என்று அழைப்பது வழக்கம். பட்டி போல்டன் அப்படி அழைக்கப்பட்டார். அவருடைய வாசிப்பு ஒரு நொடிகூட நமக்குத் தட்டில் கிடைக்கவில்லை. அவருக்குப் பிறகு ஃப்ரெட்டி கெப்பர்ட்; பிறகு ஆலிவர். ட்ரோம்போன் கலைஞர் கிட் ஓரியின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பட்டம் ஆலிவரிடம் நிலைத்துவிட்டது. அதே நாட்களில், தனக்காகக் கடைகண்ணிக்குப் போய்வரும் ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு ஆலிவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். தம்முடைய பழைய கார்னெட் ஒன்றையும் கொடுத்தார். அந்தச் சிறுவன் லூயிஸ். கடைசிவரை அவர் ஆலிவரை 'பாப்பா ஜோ' என்றே அழைத்தார்.

ஆலிவர் சிகாகோவுக்குப் பெயர்ந்தபோது, ஓரியின் குழுவில் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்தவரும் லூயிஸ்தான். 1922 கோடையில், சிகாகோவின் 31ஆம் தெருவில் இருந்த லிங்கன் கார்டன்ஸ் என்ற நடனக்கூடத்தில் தம் குழு கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த நேரத்தில், ஆலிவர் லூயிஸுக்குத் தந்தி அடித்து வரவழைத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு குழுவுக்கு ஒரு கார்னெட் போதும். இன்னொருவரை, அதுவும் தம்மைவிடப் பலசாலியான ஒருவரை, பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை. லூயிஸைத் தம்மிடமே வைத்திருக்கும்வரை அவன் தம்மை முந்த முடியாது என்று ஆலிவர் தம்மிடம் சொன்னதாக, அதே குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அது பாசமா, கணக்கா என்று பலரும் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். இரண்டுமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். தட்டுகளைக் கேட்டால் கணக்கைவிடப் பாசம்தான் அதிகம் கேட்கிறது.

லிங்கன் கார்டன்ஸுக்கு வந்தவர்களை மலைக்கவைத்தது அந்த இரண்டு கார்னெட்டுகளின் 'பிரேக்' வாசிப்பு. பிரேக் என்றால், மற்றெல்லாக் கருவிகளும் சட்டென நின்றுவிட, இரண்டு பார் (தாள அளவு) நேரத்துக்கு ஒருவர் மட்டும் அந்தரத்தில் வாசிப்பது. இங்கேயோ இருவர் சேர்ந்து, முன்கூட்டியே எழுதிவைத்ததைப் போல இரண்டு குரலில் இசைவாக வாசித்தார்கள். ஆனால் எழுதிவைத்தது எதுவும் இல்லை. கூட்டு வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்து வரவிருக்கும் பிரேக்கில் தாம் என்ன வாசிக்கப்போகிறார் என்பதை ஆலிவர் வால்வுகளின் மேல் விரலசைத்துக் காட்டிவிடுவார். ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்ட லூயிஸ், பொருத்தமான இரண்டாம் குரலை மனத்துக்குள் அமைத்துக்கொள்வார். 'ஸ்னேக் ராக்' என்ற பாட்டில் இந்த இரட்டைப் பிரேக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. இந்த விவரம் தெரிந்த பிறகு அதைக் கேட்டபோதுதான், இரைச்சல் விலகி இரண்டு மனிதர்கள் என் காதுக்குத் தென்பட்டார்கள்.

1923 ஏப்ரல் 5, 6 ஆகிய நாட்களில் இந்தக் குழு ரயிலேறி இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகருக்குப் போய், ஜெனட் நிறுவனத்துக்காகத் தட்டுகளைப் பதிவுசெய்தது. அது ஒரு பியானோ தொழிற்சாலையின் கிளை. பதிவுக்கூடத்துக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் இருந்ததால், ரயில் வரும்போது பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். (கறுப்பின இசைக்கு முதல் கதவுகளில் ஒன்றைத் திறந்துவிட்ட அதே இடத்தில்தான், வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட தட்டுகளும் அச்சாயின. வியாபாரத்துக்கு வெட்கம் கிடையாது.) மின்சார மைக் வருவதற்கு முந்தைய காலம் அது. குழு முழுவதும் ஒரு பெரிய கூம்பின் முன்னால் நின்று வாசிக்க, ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். பெரிய முரசை அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் முரசுக் கலைஞர் பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டிக் காலம் காட்டினார். தாழ்ந்த சுரங்களைத் தரும் பெரிய தந்திக் கருவியான பாஸை வாசிக்கும் பில் ஜான்சனின் கையில், அதற்குப் பதிலாகச் சிறிய தந்திக் கருவியான பாஞ்ஜோ இருந்தது. ஆகவே நாம் இன்று கேட்பது அந்தக் குழுவின் அசலான உருவம் அல்ல. அடித்தளம் உருவப்பட்ட ஒரு வீட்டின் மேல்மாடி மட்டுமே.

லூயிஸின் குரல் ஆலிவரை அமுக்கிவிட்டதால், லூயிஸைக் கூம்பிலிருந்து 12 அடிக்கும் அப்பால், ஏறக்குறைய மூலையில், தனியாக நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே அவர் முகம் வாடி நின்றதையும் லில் சொல்லியிருக்கிறார். ஜாஸ் வரலாற்றில் அதிகமாகச் சொல்லப்பட்ட கதைகளுள் இது ஒன்று. சொல்பவர்கள் பெரும்பாலும் லூயிஸின் வல்லமைக்குச் சான்றாகச் சொல்லி, ஆலிவரை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உரத்த குரல் ஒன்று, நுட்பம் வேறு. நுட்பத்தைப் பார்க்க வேண்டுமானால், அதே ஏப்ரல் 6ஆம் தேதி பதிவான 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' இருக்கிறது.

(டிப்பர்மவுத் என்பது லூயிஸின் பட்டப்பெயர்களில் ஒன்று. சீடனின் பெயர் வைத்த பாட்டில் குருவின் மிகச் சிறந்த வாசிப்பு அமைந்துவிட்டது.) முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறார்கள், பிறகு ஜானி டாட்ஸின் கிளாரினெட், மறுபடி கூட்டு வாசிப்பு. அதன் பிறகு ஆலிவர் வருகிறார். ப்ளூஸ் என்ற பாட்டு வடிவத்தின் 12 பார் கொண்ட சுற்று மூன்று. கார்னெட்டின் வாயை ம்யூட் என்ற ஒலியடக்கும் மூடியால் மூடியும் திறந்தும், ஒரே சுரத்தை 'வா... வா...' என்று பேசவைக்கிறார். முதல் சுற்றில் அவர் பயன்படுத்துவது மிகச் சில சுரங்களே. ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதை வளைத்து, கொஞ்சம் தாழ்த்தி, மறுபடி நிமிர்த்துகிறார்; ஒரு குழந்தை சிணுங்குவதற்கும் பெரியவர் ஒருவர் அதட்டுவதற்கும் இடைப்பட்ட குரல். இரண்டாம் சுற்றில் அதே சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார். மூன்றாம் சுற்றில் மேலேறுகிறார். அதற்குள் கூட்டம் பின்னாலிருந்து மெல்ல நெருங்கிவந்துவிடுகிறது. எங்கே தனி வாசிப்பு முடிந்தது, எங்கே கூட்டு வாசிப்பு தொடங்கியது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. கடைசியில் எல்லாம் நின்றுபோன ஒரு பிரேக்கில், வாசிக்கச் சொல்லி ஒருவர் உரக்கக் கத்துகிறார். முரசு வாசிக்க வேண்டிய இடத்தை பேபி டாட்ஸ் மறந்துவிட, பில் ஜான்சன் கத்திச் சமாளித்தார் என்பார்கள். அந்தக் கூச்சல் பாட்டின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது.

அந்த 36 பார்களை அடுத்த தலைமுறைக் கார்னெட், ட்ரம்பெட் கலைஞர்கள் ஏறக்குறைய ஒரு பாடமாகவே மனப்பாடம் செய்தார்கள். 1925இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழு இந்தப் பாட்டை 'ஷுகர் ஃபுட் ஸ்டாம்ப்' என்ற பெயரில் பதிவுசெய்தபோது, அதில் லூயிஸ் வாசித்ததும் தம் குருவின் அதே வாசிப்பைத்தான்; தம்முடையதைத் திணிக்கவில்லை. பபர் மைலி என்ற ட்ரம்பெட் கலைஞர் சிகாகோவில் ஆலிவரைக் கேட்டுவிட்டு ம்யூட்டைக் கையில் எடுத்தார்; அவருடைய உறுமல்தான் டியூக் எலிங்டனின் குழுவுக்குத் தனிக் குரலைத் தந்தது. இப்படி ஆலிவரின் குரல், அவர் பெயர் ஒட்டாமலே, ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

1923ஆம் ஆண்டில் மட்டும் அந்தக் குழு முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிவுசெய்தது. ஆனால் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே பணக் கணக்கில் எழுந்த சந்தேகத்தால் டாட்ஸ் சகோதரர்கள் உள்ளிட்டோர் விலகிப் போனார்கள். லில்லை மணந்துகொண்ட லூயிஸும், அவர் கொடுத்த தைரியத்தில், அந்த ஆண்டே வெளியேறினார். ஆலிவர் புதிய குழு ஒன்றை அமைத்தார்; 1927இல் நியூயார்க்குக்குப் போனார். அங்கே ஹார்லெமின் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் நிரந்தரமாக வாசிக்க அழைப்பு வந்தபோது, சம்பளம் போதாது என்று மறுத்துவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் எலிங்டன். அங்கிருந்து வானொலி வழியாக நாடெங்கும் புகழ் பெற்றார். தம் மதிப்பு என்னவென்று அறிந்தவர் குறைந்த சம்பளத்தை மறுத்ததில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. காலம் அவர் பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

உடலும் அவர் பக்கம் இல்லை. சர்க்கரையைத் தனியாகவே ரொட்டியில் வைத்துத் தின்னும் அளவுக்கு இனிப்பின்மேல் ஆசை கொண்டவர். ஈறு நோய் முற்றிப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. கார்னெட்டின் வாய்ப்பகுதியை உதட்டில் அழுத்தும்போது உள்ளிருந்து தாங்குவது முன்பற்களே. அவை போனால் உயர்ந்த சுரங்களும் போயின, நெடுநேரம் வாசிக்கும் வலுவும் போயிற்று. 1920களின் இறுதியில் அவர் பெயரில் வெளிவந்த தட்டுகள் பலவற்றில் கார்னெட் பகுதியைப் பிறரே வாசித்தார்கள். 1928 ஜூனில் அவர் தாம் இயற்றிய 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பாட்டைப் பதிவுசெய்தார். அதே மாதக் கடைசியில் லூயிஸும் அதைப் பதிவுசெய்தார். உலகம் இன்று நினைவில் வைத்திருப்பது இரண்டாவதை. குறை சொல்வதற்கில்லை, அதன் தொடக்கத்தில் லூயிஸ் தனியாக வாசிப்பதைக் கேட்டவர் எவரும் குறை சொல்ல மாட்டார். ஆனாலும் பாட்டு ஆலிவருடையது.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் குழு சிதறிப் போய், தெற்கே ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் தங்கிவிட்டார். பழமும் காய்கறியும் விற்றார். பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றில் காலை 9 மணிக்குத் திறந்து நள்ளிரவில் மூடும் காவல் வேலை பார்த்தார். அந்த நாட்களில் சகோதரிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்பாடு அச்சில் வந்தன. நியூயார்க்குக்கு ரயில் சீட்டு எடுப்பதற்காக உண்டியலில் சில்லறை சேர்ப்பதாகவும், அதில் 1 டாலர் 60 சென்ட் சேர்ந்திருப்பதாகவும், அதைத் தொடப்போவதில்லை என்றும் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். யார்மீதும் ஒரு வசைச்சொல் இல்லை. தம் குழுவோடு அந்த ஊருக்கு வாசிக்கப் போன லூயிஸ், அவரைக் காய்கறி வண்டியோடு கண்டு, பையில் இருந்த பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். குழுவில் இருந்த நியூ ஆர்லியன்ஸ்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். அன்றிரவு நிகழ்ச்சியின்போது மேடையின் பக்கவாட்டில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பழைய நாட்களின் மிடுக்கோடு உடுத்திக்கொண்டு வந்து நின்ற ஆலிவர்தான் அது என்று லூயிஸ் பிற்காலத்தில் சொன்னார்.

ஆலிவர் 1938 ஏப்ரலில் சவானாவிலேயே இறந்தார். வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தைச் செலவழித்துச் சகோதரி அவர் உடலை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். பிராங்க்ஸில் உள்ள வுட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பல ஆண்டுகள் கழித்து எலிங்டனையும் அதே தோட்டத்தில்தான் புதைத்தார்கள்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் 'டிப்பர்மவுத்'துக்கு அடுத்தபடியாக, 1924 டிசம்பரில் சிகாகோவில் பதிவான 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' என்ற தட்டைத் தேடிப் பிடியுங்கள். அதில் பேண்ட் இல்லை. ஜெல்லி ரோல் மார்ட்டனின் பியானோவும் ஆலிவரின் கார்னெட்டும் மட்டுமே. பதிவின் தரம் மோசம். எண்ணெயில் ஏதோ பொரிவது போன்ற சத்தம் முதலிலிருந்து கடைசிவரை வரும். நான் வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, ஹெட்ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்பேன். பியானோ முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஆலிவர் அவசரப்பட மாட்டார். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்தங்கி ஒரு சுரத்தை வைப்பார், ம்யூட்டைக் கொஞ்சம் திறப்பார், மூடுவார். சுமக்க ஒரு கூட்டமும் இல்லாமல், தூரத்தில் நிறுத்திவைக்க ஒரு சீடனும் இல்லாமல், அவர் குரல் மட்டும் அவ்வளவு பக்கத்தில் கேட்கும் வேறொரு தட்டை நான் இன்னும் கேட்டதில்லை.