பொங்கல் லீவில் போய் அறுப்பு வண்டி பார்க்காதீர்கள்

இங்கே சிங்கப்பூரில் சம்பாதித்து ஊரில் தம்பிக்கு நெல் அறுக்கும் வண்டி வாங்கித் தர நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று: டெமோ பார்க்கப் பொங்கலுக்குப் போகாதீர்கள். சம்பா அறுப்பு அப்போதுதான், ஆனால் தண்ணீர் வடிந்து தரை இறுகியிருக்கும். காய்ந்த வயலில் எந்தக் கம்பெனி வண்டியும் நன்றாகத்தான் ஓடும். சிங்கப்பூரில் பொங்கலுக்குப் பொது விடுமுறையும் கிடையாது. ஆண்டு விடுப்பில் ஆறு நாள் எடுத்துத் திருவாரூர் பக்கம் போனோம். டீலர் ஒரு மேட்டு வயலில் அரை ஏக்கர் ஓட்டிக் காட்டினார். ஆறு நாளும் வீண். மறுபடி தீபாவளியை ஒட்டிப் போனதுதான் உருப்படி: குறுவைக் கடைசி அறுப்பு, மழை, கணுக்கால் சேறு, சாய்ந்த பயிர்.

சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் வண்டியா, டயர் வண்டியா என்று முடிவு செய்த பிறகுதான் கம்பெனிப் பெயரே வரும். பிரீத் 987, கர்த்தார் 4000 போன்ற பஞ்சாப் டயர் வண்டிகள் சுமார் 100 குதிரைசக்தி, 14 அடி வெட்டு அகலம். அடுத்த ஊருக்கு ரோட்டிலேயே போகும். ஆனால் சேற்றில் புதையும், சின்ன வயலில் திரும்ப இடம் போதாது. குபோட்டா டிசி-68ஜி, கிளாஸ் கிராப் டைகர் 30 போன்ற பெல்ட் வண்டிகளுக்கு வெட்டு சுமார் 2 மீட்டர்தான். ஊர் மாற லாரி வேண்டும், அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள். டெல்டா சேற்றுக்கு எங்கள் தேர்வு பெல்ட். கிராப் டைகரில் கதிரை அடிக்கும் டிரம்மும் வைக்கோலிலிருந்து மணியைப் பிரிக்கும் ரோட்டாரும் தனித்தனி. குபோட்டாவில் ஒரே நீள டிரம். எது உயர்ந்தது என்று வாதாடுவதைவிட, ஈர வைக்கோல் சுற்றிக்கொண்டால் மூடியைத் திறந்து எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று இரண்டிலும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

நெல் சேதத்தை டீலர் வாய்வார்த்தையில் விடாதீர்கள். ஒரு தார்ப்பாயும் சின்னத் தராசும் போதும். பின்னால் வைக்கோல் விழும் இடத்தில், இரண்டு பேர் பக்கவாட்டில் நின்று, 10 மீட்டர் ஓட்டத்தில் விழுவதை மொத்தமாகத் தார்ப்பாயில் பிடியுங்கள். வைக்கோல் வெட்டும் கத்தி ஓடக்கூடாது, கட்டாயம். 2 மீட்டர் வெட்டில் அது 20 சதுர மீட்டர். ஏக்கர் ஏறத்தாழ அதைப்போல் 200 மடங்கு. பதரைத் தூற்றிவிட்டு நல்ல மணியை நிறுங்கள். 100 கிராம் இருந்தால் ஏக்கருக்கு 20 கிலோ வயலில் போகிறது. ஒரு கியர் கூட்டி மறுபடி பிடியுங்கள். டெமோ டிரைவர் ஏன் அவ்வளவு மெதுவாக ஓட்டினார் என்பது அப்போது புரியும்.

தார்ப்பாயில் கிடப்பதையும் பார்க்கத் தெரிய வேண்டும். கதிரிலேயே மணி ஒட்டியிருந்தால் டிரம் வேகம் குறைவு, அல்லது டிரம்முக்கு அடியில் இடைவெளி அதிகம். உதிர்ந்த நல்ல மணி என்றால் காற்று அதிகம், அல்லது சல்லடை அடைத்திருக்கிறது. டேங்கில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். உமி உரிந்து அரிசியாகக் கிடந்தால் டிரம் வேகம் அதிகம். வெட்டும் கத்திப் பக்கத்திலேயே முழுக் கதிர் தரையில் விழுந்தால், பயிரை உள்ளே தள்ளும் ரீலின் உயரமோ கத்தியோ சரியில்லை. இவை பெரும்பாலும் செட்டிங் கோளாறு, கம்பெனிக் குறை அல்ல. அங்கேயே சரிசெய்யத் தெரியாத டீலரிடம் வாங்காதீர்கள்.

ஸ்பேர் பார்ட்ஸுக்குக் கேட்லாக் காட்டுவார்கள். கத்தி பிளேடு, ஃபீடர் சங்கிலி, டிரம் பெல்ட், சல்லடை பேரிங், ஹைட்ராலிக் ஹோஸ் ஐந்தையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மழையில் சாய்ந்த நெல் பார்சல் வரும்வரை காத்திருக்காது, முளைத்துவிடும். ஈரம் 17 சதவீதம் தாண்டினால் கொள்முதல் நிலையத்திலும் தகராறு.

இங்கே தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கம்பெனி சொல்வார்கள். பெயரைக் கேட்காதீர்கள், அவர்கள் வீட்டு வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டர் படத்தையும், ரப்பர் பெல்ட்டை எத்தனை மணி நேர ஓட்டத்தில் மாற்றினார்கள் என்பதையும் வாட்ஸ்ஆப்பில் வாங்குங்கள். எங்களுக்கு அதிகம் உதவியது அதுதான்.

கடைசி அடி, நம் சார்பில் ஊரில் ஒருவர் கையெழுத்திட உரிமை தரும் பவர் பத்திரத்தில் விழுந்தது. நிலம் இங்கே இருப்பவர் பெயரில் இருந்தால் வங்கிக் கடனுக்குப் பவர் வேண்டும். ‘நிலத்தைப் பராமரிக்க’ என்று மட்டும் எழுதி, இங்குள்ள இந்திய ஹை கமிஷன் (தூதரகம்) சான்றோடு அனுப்பினோம். கடன் வாங்க, அடமானம் வைக்க, வண்டியை ஈடுகாட்ட என்று தனித்தனியாக இல்லை என வங்கியில் திருப்பிவிட்டார்கள். மொத்தமும் மறுபடி. வங்கியின் மாதிரி வாசகத்தை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மானியம் எதிர்பார்த்தால், வேளாண் பொறியியல் துறை அனுமதி கைக்கு வரும்வரை டீலருக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.