வழியில் நின்றால்

ஓடும் என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒரு வருஷம் ஓடுமா அண்ணாச்சி?" என்றுதான் லாரிக்காரர் கேட்டார், தட்டல் சத்தம் போட்ட இன்ஜினைக் காட்டி. "ஓடும். ஆனால் வழியில் நின்றால் என்னிடம் வந்து கேட்கக்கூடாது" என்றேன். பட்டறைக்காரர்கள் தினமும் சொல்கிற பேச்சுதான். ஆனால் குலசேகரத்தில் ரப்பர் தடி ஏற்றிக்கொண்டு, கேரளத்து எம்.சி. சாலையின் ஏற்ற இறக்கங்களில் இரவோடு இரவாகப் பெரும்பாவூர் போகிறவருக்கு அந்த ஒரு பேச்சு போதும். மறுநாள் காலையில் பணத்தோடு வந்துவிட்டார். இன்ஜினை இறக்கினோம்.

இறக்கும் முன்பே பார்த்திருந்தேன், சத்தம் நான்காம் சிலிண்டரில். டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அந்தந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் செய்து பார்த்தேன். நான்கில் தளர்த்தியதும் தட்டல் பாதியாக அடங்கியது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங் என்று முடிவுகட்டினேன். இங்கேதான் இடறுகிறது. அந்தச் சோதனை சிலிண்டரைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. பேரிங் தேய்ந்திருந்தாலும் சத்தம் குறையும்; டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் முனை, அதாவது நாசில் ஒழுகி, டீசல் கண்ட நேரத்தில் எரிந்தாலும் அப்படியே குறையும். நான்கின் இன்ஜெக்டரை இரண்டில் போட்டு, சத்தமும் கூடவே போகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதிக நேரம் பிடிக்கிற வேலையில்லை. பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

ஏன் செய்யவில்லை? மீட்டர் எப்போதோ நின்றுபோன வண்டி. கிலோமீட்டர் அவர் கணக்கில் ஏழு லட்சம், என் கணக்கில் ஒன்பது. இன்ஜின் மூச்சுவிடுகிற பிரீதர் குழாயில் புகை தள்ளியது. ஒருமுறை பெரும்பாவூர் போய்வந்தால் இரண்டு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டும். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்தால் உலோகத் தூளின் மினுமினுப்பு. இத்தனையும் கண்முன்னே இருக்க நாசிலை மாற்றிப் போட்டு விளையாடுவானேன் என்று நினைத்தேன். அடியில் ஆயில் நிற்கும் சம்பைக் கழற்றிக் கீழிருந்தே பேரிங்கை மட்டும் மாற்றும் வழியையும் நான் எடுத்துச் சொல்லவில்லை. ஆனி மாதம் அது. மழையில் பட்டறை காலியாகக் கிடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிரித்தபோது சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் மேல் விளிம்பில் நகம் தட்டியது. அந்த அளவுக்குத் தேய்மானம். அதில் எனக்குத் திருப்தி. நான்காம் பேரிங்கில் வெள்ளை உலோகம் போய்ச் செம்பு தெரிந்தது. மற்ற ஐந்திலும் ஏறக்குறைய அதே நிலைதான். கிராங்கைப் பத்து வெட்டினோம், அதாவது தேய்ந்த இடத்தைக் கடைந்து சமன் செய்தோம். பத்து என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, கால் மில்லிமீட்டர். பிஸ்டன், ரிங், லைனர் எல்லாம் புதிது. ஏழு லட்சம் ஓடிய எதைப் பிரித்து அளந்தாலும் தேறாது. என்னையே பிரித்தாலும் தேறாது. டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடைக்குப் போன இன்ஜெக்டர்களில் ஒன்று, சோதனைக் கருவியில் மாட்டியதும் சொட்டியதாம். பையன் எல்லாவற்றிலும் எண் எழுதிக் கட்டியிருந்தான். நான்கு.

பில்லில் 'நாசில் 1' என்று ஒரு வரி. ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய தொகையை மட்டும்தான் அவர் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் லைனர் தேய்ந்தது பொய்யாகிவிடுமா? அடுத்த ஆனியில் எப்படியும் இறக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அவர் கேட்டதே அந்த ஒரு வருஷத்தைத்தானே. வீட்டம்மாவின் நகையை அடகு வைத்த பணம் என்பது வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். என் வாய் எனக்குத் தெரியும்.

வண்டி அருமையாக ஓடுகிறது. நடுவழியில் நின்றிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்போம். அவரோ குழித்துறைப் பக்கத்து லாரிக்காரர்களையெல்லாம் என்னிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் அப்படி வந்த ஒரு வண்டியில் அதே தட்டல், ஐந்தாம் சிலிண்டரில். இந்த முறை இன்ஜெக்டரை மாற்றிப் போட்டேன். சத்தம் ஐந்தை விட்டு நகரவில்லை. பேரிங்தான்.

"அப்படியானால் அதுவும் பேரிங்காகத்தான் இருந்திருக்கும்" என்று பையனிடம் சொன்னேன். எது என்று அவன் கேட்கவில்லை.