இன்றைக்கு இதற்குப் பால் கிடையாது

“இன்றைக்கு இதற்குப் பால் கிடையாது. நாளை மறுநாள்தான்” என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் போடப் போய்விட்டார். எனக்குப் பகீரென்றது. பிளாஸ்டிக் தொட்டிக்குள், பழைய தலையணை உறைக்கு அடியில், வேகவைத்து உரித்த சேப்பங்கிழங்கு மாதிரி சுருண்டு கிடந்தது எக்கிட்னா என்ற ஆஸ்திரேலிய விலங்கின் குட்டி. முடியில்லை, முள்ளில்லை. மூக்கு மட்டும் குச்சிபோல நீட்டிக்கொண்டிருந்தது. பச்சைப் பிள்ளைக்கு மூன்று நாள் பட்டினியா?

“பசிக்காதா?” என்று கேட்டேன்.

“பசிக்கட்டும். நீ இதற்குப் பாட்டியாகிவிடாதே.”

சொன்னவருக்கு எழுபது வயது. பிரிஸ்பேனின் ஓரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. தாயில்லாத காட்டு விலங்குகளை வளர்க்க அரசிடம் அனுமதி வாங்கி வைத்திருப்பவர். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட. எனக்கு ஆறு வருடமாகியும் வாய் வரவில்லை. மதுரையாக இருந்தால் முதல் நாளே அம்மா என்றோ பெரியம்மா என்றோ கூப்பிட்டு முடித்திருப்பேன். இங்கே வேலிப் பக்கம் போய் நின்று, அவர் தற்செயலாகத் திரும்பிப் பார்க்கும்வரை இருமிக்கொண்டிருப்பேன்.

எக்கிட்னாவை நான் முதலில் பார்த்தது 5 சென்ட் காசில். முள்ளம்பன்றி என்று நினைத்தேன், வந்த புதிதில் நம்மவர்கள் எல்லோரும் நினைப்பதுபோல. முள்ளம்பன்றிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது முட்டையிட்டுக் குட்டிக்குப் பால் கொடுக்கும் சாதி. 20 சென்ட் காசில் நீந்தும், வாத்து அலகுள்ள பிளாட்டிபஸ்தான் இதன் சொந்தம். அம்மாவிடம் போனில் சொன்னபோது, “முட்டை போட்டா கோழி, பால் குடுத்தா பசு. ரெண்டும் செய்யுதுன்னா உனக்குத்தான் தூக்கம் பத்தல” என்றாள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பிய விஞ்ஞானிகளே பல பத்தாண்டுகள் இதை நம்பாமல் சண்டை போட்டிருக்கிறார்கள். 1884-இல் கால்டுவெல் என்ற ஆய்வாளர், இதே குயின்ஸ்லாந்தில் பர்னட் ஆற்றங்கரையில் உறுதிசெய்து தந்தி அடித்த பிறகுதான் அடங்கினார்கள். திருநெல்வேலி கால்டுவெல் இல்லை, அது வேறு ஆள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் புது மனைகளுக்காக மண்ணைத் தோண்டிய இயந்திரம் வளையையே பெயர்த்துவிட்டது. குட்டி மட்டும் கிடைத்தது. எங்கள் வீடும் அப்படித் தோண்டிக் கட்டியதுதான் என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை.

மூன்று நாள் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. தாய் ஒரே ஒரு முட்டையை வயிற்றுப் பையில் இட்டு, பத்து நாள் சுமக்கும். பொரிந்து வரும் குஞ்சு அரை கிராம்கூட இருக்காது. ஒரு 5 சென்ட் காசின் எடைக்கு அப்படி ஆறு குஞ்சுகளாவது வேண்டும். ஏறக்குறைய ஐம்பது நாள் பைக்குள்ளேயே வளரும். முள் முளைக்கும் சமயம் நெருங்கியதும் தாய் அதை வளையில் விட்டு, வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டு இரை தேடப் போய்விடும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை வரும். அந்த ஒரு வேளையில் குட்டி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் குடித்துவிட்டு, பலூன் மாதிரி உப்பிய வயிற்றோடு தூங்கும். தினமும் ஊட்டினால் செரிக்காது. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் போய்விடும், அதிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை இதற்கு ஒத்துக்கொள்ளாது. இதற்கென்றே தனிப் பால் பொடி விற்கிறார்கள்.

இதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது. ஆனால் நான் ‘சாப்பிட்டியா’ என்பதைத் தவிர வேறு விசாரிப்பே இல்லாத வீட்டில் வளர்ந்தவள். அவர் கடைக்குப் போயிருந்த ஒரு மதியம், குட்டி தொட்டியின் மூலையை முட்டிக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் முன்னதாகவே பாலைக் கலக்கி ஊட்டிவிட்டேன். மறுநாள் தலையணை உறையெல்லாம் பச்சையாகக் கழிந்திருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. எடை நோட்டை எடுத்து, குறைந்த கிராமை என் கையாலேயே எழுதச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகும் முறையான பால் நாளில் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தாய்க்குக் காம்பு கிடையாது. பைக்குள் இரண்டு இடங்களில் பால் வேர்வைபோலக் கசியும், குட்டி அதை உறிஞ்சும். அதனால் நமக்கும் பாட்டில் வேண்டாம், உள்ளங்கைதான். கையைக் குழித்து, வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அசையாமல் இருக்க வேண்டும். மூக்கும் வாயும் ஒரே முனையில் இருப்பதால், அவசரப்பட்டால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அது மூக்கால் என் உள்ளங்கையை முட்டி, உஸ் உஸ்ஸென்று உறிஞ்சியது. கூச்சத்தில் சிரிப்பு வந்தது. 40 மில்லிக்கு முக்கால் மணி நேரம். கை மரத்துப்போன அந்த நேரத்தில் தம்பிக்குப் பாலாடையில் பால் புகட்டும் ஆச்சி ஞாபகம் வந்தது. கால் இரண்டையும் நீட்டி, முழங்காலுக்கு இடையில் அவனைக் கிடத்தி, பாலாடை மூக்கைக் கடைவாயில் வைத்து. ஒரு சொட்டு கழுத்தில் வழியாது.

ஆச்சி இருந்தால் குட்டியைச் சாம்பிராணிப் புகையில் காட்டி, கம்பளியில் சுற்றியிருப்பாள். அதுவும் கூடாது. எக்கிட்னாவின் உடம்புச் சூடே சுமார் 32 டிகிரிதான். வேர்க்காது. நவம்பர் வெயிலில் குட்டிக்கு ஏசி, எனக்கு வியர்வை. இந்த வெயிலைப் பார்த்துத்தான், இதுவும் நம்ம ஊர் மாதிரிதான் என்று வந்த முதல் வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாலையில் அடிபட்டுப் பெண் எக்கிட்னா வந்தால் அவர் முதலில் புரட்டிப் பால் கசிகிறதா என்று பார்ப்பார். கசிந்தால் அன்று அதிகம் பேசமாட்டார். வளை எங்கே என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. நான் அம்மாவைப் பார்த்து மூன்று வருடமாகிறது. விமானக் கட்டணம், விடுப்பு, சரி, அதை விடுங்கள்.

முள் வந்தது, கூடவே திருட்டுத்தனமும் வந்தது. மூடியைத் தள்ளி ஏறி, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு ராத்திரி முழுக்க ஒளிந்திருந்தது. பாலோடு கறையான் புற்றுத் துண்டுகளைப் பழக்கினோம். ஒரு கிலோவை நெருங்கி, வெயில் தணிந்ததும், கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, மனைகள் தொடாத காட்டில் விட்டோம். திரும்பிப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே மண்ணைத் தோண்டி அப்படியே இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“சாப்பிட்டுட்டுத்தானே போச்சு?” என்றாள்.

“சாப்பிட்டுச்சும்மா. ரெண்டு துண்டு புத்து.”